குதிரைகளின் எலிக்காய்ச்சல்: பரீட்சையின்றிச் சிகிச்சை ஆகாது

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து யாத்திரிகர், இந்நாட்டரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கப்பல் மார்க்கமாக விலைக்கு வாங்கினரென்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லையென்றும் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அவர் கூறிய காரணம் நாட்டின் வறுமையன்று. குதிரையைப் பேணும் முறையும் அதன் பிணியைத் தீர்க்கும் வழியும் அறிந்தவர் இங்கு இல்லாமையே. அதன்பின் எழுநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1903-ஆம் ஆண்டில் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றி வேப்பேரியில் நிலைபெற்றது. 1989-இல் கால்நடை மருத்துவத்திற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. வைத்தியர்களும் பரிசோதனைச் சாலைகளும் இல்லையென்று இனி ஒருவரும் சொல்வதற்கில்லை. ஆயினும், நோய் இன்னதென்று அறிவதற்கு முன்னரே மருந்து கொடுத்துவிடும் பழைய வழக்கம் மட்டும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. அவ்வழக்கத்தினால் பெருந்தீங்கு விளையும் நோய்களுள் ஒன்று, எலிக்காய்ச்சல் என்று பொதுவாக வழங்கும் லெப்டோஸ்பைரா நோயாகும்.

குதிரைகளே அருகிவரும் இக்காலத்தில் குதிரை நோயைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரமாக இருந்தவை, 2019-ஆம் ஆண்டில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்தன என்பது உண்மையே. ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் சென்னைக்குத் தெற்கே சவாரிப் பள்ளிகளிலும், கடற்கரைகளிலும், கல்யாண ஊர்வலங்களிலும், கோயில் உற்சவங்களிலும் இன்றும் குதிரை உண்டு. அவற்றுள் பல, ஒன்றிரண்டு குதிரைகளையே ஜீவனத்துக்கு ஆதாரமாகக் கொண்ட எளிய குடும்பங்களுக்குரியவை. அத்தகைய வீட்டில் குதிரையின் ஒரு கண் போயிற்றென்றால் அக்குடும்பத்தின் வருமானத்திற்பாதி போயிற்றென்றே கொள்ளலாம். மேலும், இந்நோய் குதிரையோடு நிற்பதன்று. குதிரை குடித்த நீரிலே மாடும் குடிக்கிறது. அந்நீர் பாய்ந்த வயலிலே மனிதனும் இறங்கி நடவு நடுகிறான். ஆகவே குதிரையின் நோயைச் சரிவர அறிவது கிராமம் முழுவதற்கும் உரிய காரியமாகும்.

இடமும் நீரும்

இந்நோயின் தன்மையை அறிவதற்குக் குன்றத்தூரைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறு தேட வேண்டியதில்லை. சேக்கிழார் பிறந்த அவ்வூர் 2021-ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்த்தப்பட்டதாயினும், அதைச் சூழ்ந்துள்ள பகுதி ஏரிப் பாசனத்தால் வளர்ந்த நெல் நிலமே. மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் உபரிநீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் முதலிய ஊர்களின் ஓரமாக ஓடித் திருநீர்மலைப் பக்கத்தில் அடையாற்றோடு கலக்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி, வினாடிக்கு 29,000 கன அடி வரையில் ஏரியிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது இக்கரைகளில் வாழ்வோர் பட்ட துன்பம் எவரும் மறக்கத்தக்கதன்று. வெள்ளம் வரும்போது வரப்பு வளைகளிலும் சாக்கடைகளிலும் உள்ள எலிகளும் பெருச்சாளிகளும் மேட்டைத் தேடி ஓடுகின்றன. அம்மேடு பெரும்பாலும் வைக்கோற் போராகவோ, மாட்டுத் தொழுவமாகவோ, குதிரை லாயமாகவோதான் இருக்கும். வெள்ளம் வடிந்த பின்னும் தேங்கிய நீரும் சேறும் வாரக்கணக்கில் நிற்கின்றன. எலிக்காய்ச்சற் கிருமி விரும்பும் நிலை இதுவே.

இக்கிருமி, நுண்ணோக்கியால் மட்டும் காணக்கூடிய, திருகாணிபோல் முறுக்குண்டு நெளியும் மெல்லிய உயிர். காமாலையோடு கூடிய இக்காய்ச்சலை 1886-ஆம் ஆண்டில் ஜெர்மன் வைத்தியர் அடால்ஃப் வைல் தெளிவாக விவரித்தார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, ஜப்பான் தேசத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோயை ஆராய்ந்த இனாடா, இடோ என்பவர்கள் கிருமியைக் கண்டறிந்தனர். எலியின் சிறுநீரகத்தில் இது அதற்கு யாதொரு கெடுதியும் செய்யாமல் குடியிருந்து, சிறுநீரோடு வெளிப்படுகிறது. ஈரமும் இளஞ்சூடும் உள்ள மண்ணிலும் நீரிலும் பல நாட்கள் பிழைத்திருக்கும். வெயிலில் உலர்ந்தாலோ, புளிப்புத் தன்மை மிகுந்தாலோ, சலவைத் தூள் கரைத்த நீர் பட்டாலோ விரைவில் மாய்ந்துவிடும். தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், வாய், மூக்கு, கண் ஆகியவற்றின் ஈரச்சவ்வின் வழியாகவும் உடலுட் புகுகிறது. எலியைத் தவிர மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இக்கிருமியைச் சுமந்து பரப்பக்கூடியவை.

ஏமாற்றும் அறிகுறிகள்

குதிரைக்கு இந்நோய் கண்டால் அஃது எப்போதும் உரத்த குரலில் தன்னைத் தெரிவிப்பதில்லை என்பதே முதற்கண் அறிய வேண்டியது. பெரும்பாலான குதிரைகள் கிருமி புகுந்தும் நோயின் சாயல்கூடக் காட்டாமல் இருந்துவிடுகின்றன. சிலவற்றிற்கு இரண்டு மூன்று நாள் ஜுரம், சோர்வு, தீனியில் வெறுப்பு ஆகியவை தோன்றி மறையும். சிலவற்றிற்குக் கண்ணின் வெண்மையும் வாயின் உட்சவ்வும் மஞ்சளிக்கும். சிறுநீர் சிவந்து போகும். குட்டிகளுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர்போவதும் உண்டு. சினைக் குதிரை, பதினொரு மாதச் சினையின் பிற்பாதியில், வேறு நோய்க்குறி ஒன்றுமின்றியே குட்டியைச் செத்துப் போடலாம்; அல்லது எழுந்து நிற்கவும் வலுவில்லாத குட்டியை ஈனலாம்.

இவற்றினும் கொடியது கண்ணில் வருவது. ஜுரம் வந்து போனதை உடையவர் மறந்தே போயிருப்பார். மாதங்கள் சென்றபின், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் கழிந்தபின், ஒருநாட் காலையில் குதிரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். கண்ணீர் வழியும், வெளிச்சம் பொறாது, பாவை சுருங்கிவிடும், கருவிழி புகை மூடினாற்போல் மங்கும். சில நாளில் தணிந்தது போலத் தோன்றும். சில வாரமோ சில மாதமோ கழித்து மீண்டும் வரும். இவ்வாறு வந்து வந்து போவதைக் கண்ட மேலைநாட்டார் முற்காலத்தில் இதைச் சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகளோடு இணைத்து, நிலாக் குருடு என்று பெயரிட்டனர். சந்திரனுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கண்ணின் உட்படலம் அழற்சியுற்று, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கெட்டு, முடிவில் பார்வையே அற்றுப்போகிறது. இக்கண்ணோய்க்கும் லெப்டோஸ்பைராக் கிருமிக்கும் உள்ள தொடர்பு 1940-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் வெளிப்படலாயிற்று. பிற்காலத்தில் நோயுற்ற குதிரைகளின் கண்ணுக்குள்ளிருந்தே கிருமி எடுக்கப்பட்டது. இந்நோயால் வரும் கண்ணழற்சிகள் எல்லாம் இக்கிருமியினாலேயே உண்டாவன அல்ல. ஆயினும் அதன் பங்கு பெரிது.

இனி, இவ்வறிகுறிகளில் ஒன்றுகூட எலிக்காய்ச்சலுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் ஜுரமும், சோகையும், கண் மங்கலும் சர்ரா என்னும் நோயிலும் உண்டு. அதன் கிருமியை 1880-ஆம் ஆண்டில் பஞ்சாப் மாகாணத்துக் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்களால் அது பரவுகிறது. காமாலையும் சிவந்த சிறுநீரும் உண்ணியால் வரும் இரத்த நோயிலும் தோன்றும். ஈரல் கெடுக்கும் நச்சுப் பூண்டுகளைத் தின்றாலும் மஞ்சளிக்கும். சினை கலைவதற்கு வேறு தொற்றுகளும் காரணமாகும். கண் மங்குவதற்கோ, இந்நாட்டில் கண்புழு என்னும் தனிக் காரணம் உண்டு. மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் நூல்போன்ற புழுவின் குஞ்சு, கொசுக்கடியால் குதிரையின் உடலில் ஏறி, வழிதவறிக் கண்ணுட் சென்று, அங்கே வெள்ளை இழைபோல் நெளிவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அதற்குச் சிகிச்சை கத்தியால் புழுவை வெளியேற்றுவதே.

இப்படி ஒரே தோற்றத்தில் நான்கு நோய்கள் நிற்கும்போது, ஒவ்வொன்றிற்கும் மருந்து வேறாக இருக்கும்போது, தோற்றத்தைக் கண்டே மருந்தைத் தீர்மானிப்பது எவ்விதத்தில் பொருந்தும்? சர்ராவுக்கு ஏற்ற குயினாபைரமின் எலிக்காய்ச்சலைத் தீர்க்காது; எலிக்காய்ச்சலுக்கு ஏற்ற பெனிசிலின் சர்ராவைத் தீண்டாது. தவறான மருந்தினால் செலவு வீணாவது சிறிய நஷ்டம். நோய் முற்றுவதற்குக் கொடுத்த நாட்களே பெரிய நஷ்டம். கன்னத்தில் சூடு போடுவதும், மென்ற இலைச்சாற்றைக் கண்ணில் ஊதுவதுமான வழக்கங்களைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. அவை அழற்சியுற்ற கண்ணைப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யா.

பரிசோதனை செய்யும் வகை

நோயறிதலில் காலமே பிரதானம். ஜுரம் கண்ட முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கும். பின்னர் இரத்தத்தை விட்டுச் சிறுநீரகத்தில் தங்கி, சிறுநீரில் வரும். ஆதலால் முதல் வாரத்தில் இரத்தத்தையும், அதன் பின்னர்ச் சிறுநீரையும் எடுத்து அனுப்புதல் முறை. கிருமியின் மரபுப் பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை இவ்விரண்டிலும் செய்யத்தக்கது. சிறுநீரில் கிருமி தொடர்ந்து வராமல் விட்டுவிட்டு வருமாதலால், ஒருமுறை இல்லையென்று வந்த முடிவை இறுதியானதாகக் கொள்ளலாகாது. கிருமியைப் பரிசோதனைச் சாலையில் வளர்த்துக் காண்பதும் உண்டு. ஆனால் அதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். நோயாளிக்கு அதனால் பயனில்லை.

உலகெங்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுவது நுண்ணோக்கித் திரட்சிப் பரிசோதனை. உயிருள்ள பலவகை லெப்டோஸ்பைராக்களோடு குதிரையின் இரத்த நிணநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து கலந்து, இருட்புல நுண்ணோக்கியில் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என்று பார்ப்பர். இங்கே குடியானவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நோயே இல்லாத குதிரைகள் பலவற்றின் இரத்தத்திலும், என்றோ புகுந்து போன கிருமிக்கு எதிரான பொருள் இருக்கக்கூடும். ஆகையால் ஒரே ஒருமுறை எடுத்த இரத்தத்தில் 1:100 என்ற அளவில் திரட்சி கண்டதென்று காகிதத்தில் எழுதி வந்தால், அதுகொண்டே நோயென்று முடிவு செய்வது தவறு. இரண்டு முதல் மூன்று வாரங்கள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 1:100 என்பது 1:400 ஆகவோ அதற்கு மேலாகவோ, அதாவது நான்கு மடங்காக, உயர்ந்திருந்தால்தான் நோய் அண்மையில் வந்ததென்று துணியலாம். இரண்டாம் இரத்தத்தை அனுப்பாமல் விட்டுவிடுவது, வழக்கில் ஒரு சாட்சியை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதை ஒக்கும்.

சினை கலைந்த குதிரையிடத்து இவ்விதி சற்று மாறும். குட்டி வெளிவரும் நேரத்திலேயே தாயின் இரத்தத்தில் அளவு உச்சத்தை எட்டியிருக்குமாதலால், பின்னர் உயர்வு காணாமற் போகலாம். அப்போது செத்த குட்டியின் சிறுநீரகமும் ஈரலும், நஞ்சுக்கொடியும் சிறந்த சாட்சிகள். அவற்றைக் கையுறையின்றித் தொடுவதும், நாய்க்கு எறிவதும், ஓடையில் விடுவதும் பெருந்தவறு. வைத்தியர் வேண்டியதை எடுத்தபின் எஞ்சியதைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டும். கண்ணோயிலும் ஒரு விசேஷமுண்டு: கிருமி கண்ணுக்குள் ஒளிந்திருக்க, இரத்தம் சுத்தமாகவே தோன்றலாம். கண்ணின் உள்நீரை எடுத்து இரத்தத்தோடு ஒப்பிடுதல் கல்லூரி மருத்துவமனையில் நிபுணரே செய்யத்தக்க காரியம். கிராமத்தில் எவரும் அதற்கு முயலலாகாது.

குன்றத்தூர்ப் பகுதியார்க்கு இவையெல்லாம் எட்டாதவை அல்ல. மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எலிக்காய்ச்சல் ஆய்வகம் உள்ளது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காலையில் அனுப்பிய இரத்தமும் சிறுநீரும் அன்று பகலுக்குள் அங்குப் போய்ச் சேரும். உறையவிடும் குப்பி ஒன்று, உறையாத குப்பி ஒன்று, சுத்தமான மூடியுள்ள சிறுநீர்க் குப்பி ஒன்று. ஒவ்வொன்றிலும் குதிரையின் அடையாளம், எடுத்த தேதி, ஜுரம் தொடங்கிய தேதி, முன்னர்க் கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுதல். இவ்வளவே வேண்டியது.

சிகிச்சை

பரிசோதனை முடிவு வரும்வரையில் குதிரையைச் சும்மா விட்டுவைப்பதா என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியிலேதான் குழப்பமெல்லாம் அடங்கியிருக்கிறது. பரிசோதனைக்கு வேண்டிய இரத்தத்தை எடுப்பதற்குச் சில நிமிஷங்களே ஆகும். இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, அந்த நேரத்திலேயே வைத்தியர் தம் அனுபவத்தால் தக்கதென்று தோன்றும் மருந்தைத் தொடங்குவதை எவரும் தடுக்கவில்லை. மருந்து கொடுத்து, பலியாமற்போய், நான்காம் நாள் இரத்தம் எடுப்பதே கூடாதது; ஏனெனில் அதற்குள் மருந்து கிருமியை மறைத்துவிடும், நோயையோ தீர்த்திருக்காது. முதலில் சாட்சி, உடனே சிகிச்சை, முடிவு வந்தபின் திருத்தம் என்னும் இவ்வரிசை தவறாமல் நடந்தால், தாமதமும் இல்லை, குருட்டு வைத்தியமும் இல்லை.

எலிக்காய்ச்சற் கிருமி மருந்துக்கு அடங்காத கொடிய பகையன்று. பெனிசிலின், ஆக்ஸிடெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை ஏற்றவை. ஒரு வார அளவுக்குத் தொடர்ந்து கொடுத்தல் வழக்கம். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பது குதிரையின் எடையையும் சிறுநீரகத்தின் நிலையையும் பொறுத்தது. ஸ்ட்ரெப்டோமைசின் சிறுநீரகத்துக்குப் பாரமானது; ஆக்ஸிடெட்ராசைக்ளினும், நீர் வற்றிய உடலில் அளவு மீறினால் அவ்வாறே. இந்நோய் தாக்குவதும் அதே உறுப்பைத்தான். ஆகையால் நீர் வற்றிய குதிரைக்கு நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றிய பின்னரே இவற்றைப் பற்றி நினைக்க வேண்டும். இதனோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையும் அவசியம். மனிதருக்கு இந்நோயில் பெரிதும் பயன்படும் டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தை, வைத்தியர் கூறினால் குதிரைக்கு வாய் வழியாகக் கொடுக்கலாம். நரம்பில் ஊசியாக ஏற்றினால் இருதயம் தளர்ந்து குதிரை நின்ற இடத்திலேயே விழுந்து மாளக்கூடும். மருந்துக் கடையில் வாங்கித் தாமே ஊசி போடும் துணிவு எத்தகைய முடிவைத் தரும் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

கண்ணோயில் ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது. பாவையை விரிக்கும் அட்ரோபின் சொட்டு, அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டுச் சொட்டு, வலி நீக்கும் ஃப்ளூனிக்ஸின் ஆகியவை முதல் நாளிலேயே தொடங்கத்தக்கவை. இவற்றிலும் பரீட்சை முந்த வேண்டும். கருவிழியில் புண் இருக்கையில் ஸ்டீராய்டு இட்டால் புண் ஆழ்ந்து கண் உடைந்துபோகும். அதனால் பச்சை ஒளி தரும் சாயத்துளி இட்டுப் புண் இல்லையென்று கண்ட பின்னரே வைத்தியர் அதை இடுவார். அட்ரோபின் குடலின் இயக்கத்தை மந்தமாக்கி வயிற்றுவலியை உண்டாக்கக்கூடுமாதலால், சாணம் வழக்கம்போல் விழுகிறதா என்று உடையவர் கவனித்திருத்தல் வேண்டும். குதிரையை இருண்ட லாயத்தில் நிறுத்தி, ஈக்கள் அண்டாமல் முகத்திரை கட்டுதல் நலம். கண் தெளிந்துவிட்டதென்று மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துவதுதான் மறுபடி மறுபடி நோய் திரும்புவதற்கு வழிசெய்கிறது. கிருமி தங்கிய கண்ணின் உள்நீரை அகற்றிக் கழுவும் சஸ்திர சிகிச்சை ஜெர்மனியில் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வருகிறது. ஆனால் இழந்த பார்வையை மீட்கும் மருந்து எந்நாட்டிலும் இல்லை.

நோய் தீர்ந்த குதிரையும் சில வாரங்கள், சில சமயம் இரண்டு மூன்று மாதங்கள் வரையில், சிறுநீரில் கிருமியை வெளியிடலாம். அக்காலத்தில் அதைச் சினைக் குதிரைகளோடும் மாடுகளோடும் கட்டாமல், ஏரிக்கோ குட்டைக்கோ ஓட்டாமல், உலர்ந்த தனி இடத்தில் கட்டி, சிறுநீர் நனைந்த தரையில் சலவைத் தூள் நீர் தெளித்து வருவது அவசியம்.

மனிதர் கண்ட பாடம்

இவ்வளவு ஏற்பாடு ஒரு குதிரைக்காகவா என்னும் ஆட்சேபத்துக்கு மதுரை நகரம் விடை கூறுகிறது. 1993-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பெருமழையும் வெள்ளமும் ஏற்பட்டன. அதன்பின், கண்ணின் உட்படலம் அழற்சியுற்ற நோயாளிகள் வழக்கத்துக்கு மாறான தொகையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினர். அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து, அவர்களுள் 73 பேரின் கண்ணோய் எலிக்காய்ச்சற் கிருமியினால் வந்ததென்று கண்டு, 1997-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். குதிரைக்கு நிலாக் குருடு என்று எது பெயர் பெற்றதோ, அதன் இனத்தைச் சேர்ந்த நோயே வெள்ளத்தில் நின்ற மனிதரின் கண்ணிலும் தோன்றிற்று. மதுரை வைகைக்கும் குன்றத்தூர் உபரிநீர்க் கால்வாய்க்கும் மண்ணும் மழையும் வேறாயிருப்பினும், எலியும் சேறும் ஒன்றே. ஆதலால் மழைக்காலத்துக்குப் பின் ஓர் ஊரில் குதிரைக்கு எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் உறுதிப்பட்டால், அதனை அவ்வூர் நீரைப் பற்றிய எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். நாற்று நடுவோர், வாய்க்கால் தூர் வாருவோர், வரப்பு வளைகளை வெட்டி எலி பிடிக்கும் இருளர் ஆகியோர் முதலில் ஆபத்துக்குள்ளாவோர். காலிற் புண் உள்ளவரைச் சேற்றில் இறக்காமலிருப்பதும், கையுறையும் கால் மூடும் பூட்ஸும் வாங்கிக் கொடுப்பதும் வேலை கொடுக்கும் நிலச்சுவான்தாரின் கடமை. ஜுரமும், கெண்டைக்கால் தசைவலியும், சிவந்த கண்ணும் சேர்ந்து தோன்றினால், சேற்றில் வேலை செய்ததை மறவாமல் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் செய்ய வேண்டும்.

மற்றோர் ஆட்சேபமும் எழக்கூடும். தடுப்பூசி ஒன்று போட்டுவிட்டால் இவ்வளவும் வேண்டாமே என்பர் சிலர். குதிரைக்கென்று 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு தடுப்பூசி வெளிவந்தது உண்மையே. ஆனால் அது அந்நாட்டில் மிகுந்துள்ள பொமோனா என்னும் ஒரு வகைக் கிருமியைக் குறித்தது. இக்கிருமியில் வகைகள் பல. தமிழ்நாட்டிலோ ஆட்டம்னாலிஸ் போன்ற வேறு வகைகள் அடிக்கடி காணப்பட்டிருக்கின்றன. ஒரு வகைக்கான காப்பு மற்றொரு வகைக்கு உதவுமென்று நம்புவதற்கில்லை. இங்கே எவ்வகை குதிரைகளைத் தாக்குகிறது என்பது தெளிவாக வேண்டுமானால், அதற்கும் பரிசோதனைக்கு அனுப்பிய இரத்தமே ஆதாரம். அனுப்பாத இரத்தம் யாருக்கும் ஒன்றும் கற்பிப்பதில்லை.

செய்ய வேண்டுவன

குதிரை உடையவர் செய்யக்கூடியவை எளியவை. தீனியை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்தல். லாயத்தைச் சுற்றி நீர் தேங்காமல் மண்ணிட்டு உயர்த்துதல். எலி வளைகளை அடைத்தல். மாடுகள் இறங்கிக் கலக்கும் குட்டையில் தண்ணீர் காட்டாமல் கிணற்று நீரைத் தொட்டியில் விட்டுக் காட்டுதல். வெள்ளத்துக்குப் பின் ஒரு மாத காலம் காலையும் மாலையும் கண்ணையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்து வருதல். இவற்றில் பணச் செலவு அதிகம் எதற்கும் இல்லை. தினந்தோறும் சிரத்தை மட்டும் வேண்டும்.

கிராம அலுவலர்களின் பொறுப்பு இதனினும் பெரிது. கர்ணமும் மணியக்காரரும் இருந்த பழைய ஏற்பாடு 1980-ஆம் ஆண்டோடு முடிந்து, கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். ஆயினும் ஊரில் எந்த வீட்டில் எந்தக் கால்நடை உள்ளது, எந்த வாய்க்கால் எங்கே தேங்குகிறது என்பதை அறிந்தவர் இன்றும் அவரும் ஊராட்சித் தலைவருமே. ஒரு குதிரைக்கோ மாட்டுக்கோ காமாலையோடு ஜுரமென்றும், சினை கலைந்ததென்றும் காதில் விழுந்தவுடன், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவித்தல் அவர்கள் கடமை. வண்டி வசதி இல்லாதார்க்கு 1962 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை ஊர்தியை அழைக்கும் வழியைச் சொல்லிக் கொடுக்கலாம். பரிசோதனையில் நோய் உறுதிப்பட்ட செய்தி கால்நடை மருந்தகத்தோடு நின்றுவிடாமல், சுகாதார நிலையத்துக்கும் அன்றே போய்ச் சேரும்படி செய்வது எல்லாவற்றினும் முக்கியம். இப்போது பல இடங்களில் மிருக வைத்தியரும் மனித வைத்தியரும் ஒரே நீரால் வந்த ஒரே நோயை, ஒருவர்க்கொருவர் அறியாமல், தனித்தனியே நோக்கிக்கொண்டிருக்கும் நிலை ஏற்படுகிறது. இவ்விருவரையும் இணைக்கத்தக்கவர் கிராம அலுவலரே.

மார்க்கோ போலோவின் காலத்தில் குதிரைகள் மாண்டதற்கு அறிந்தவர் இல்லாமை காரணமாயிற்று. இன்று அறிந்தவர் உண்டு, ஆய்வகம் உண்டு, மருந்தும் உண்டு. அவற்றுக்கும் குதிரைக்கும் இடையில் நிற்பது, இரண்டு குப்பி இரத்தத்தை உரிய நாளில் எடுத்து அனுப்பாத அசிரத்தை ஒன்றே. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர், பனிக்கட்டிப் பெட்டி ஒன்றையும் சுத்தமான குப்பிகள் சிலவற்றையும் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஆயத்தமாக வைத்து, ஜுரம் கண்ட முதல் நாளிலேயே அவற்றைப் பயன்படுத்துவார்களாயின், ஒரு குதிரையின் கண்ணோடு ஒரு கூலியாளின் உயிரும் சேர்ந்து காக்கப்படும் என்பது திண்ணம்.